குழிகளின் மேல் போட்ட பழி

ஒரு மாதமாகக் காரின் முன்சக்கரங்கள் கரகரவென்று அரைபட்டன. பெங்களூரில் வண்டி எப்படிச் சத்தமிட்டாலும் சாலைக்குழிகளைத் திட்டுவது எங்கள் வழக்கம். நான் ஓட்டுநர் செல்வத்தையும் சேர்த்துத் திட்டினேன்.

"குழியில்ல மேடம், பிரேக் மிதிச்சாதான் சத்தம் வருது. பாப்பாவை இதுல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்," என்று ஒரு நாள் காலையில் அவர் சாவியை நீட்டினார்.

அவர் சொல்வது தவறென்று நிரூபிக்கவே அவரையும் ஏற்றிக்கொண்டு பொம்மனஹள்ளிப் பட்டறைக்கு நானே ஓட்டிப் போனேன். சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், தேய்ந்து வெறும் இரும்பாகிவிட்ட பிரேக் பேடைக் காட்டினார்.

"இதையா ஓட்டிட்டு இருந்தீங்க? சத்தம் கேக்கலையா?"

"நான்தான் கவனிக்கலண்ணா," என்றார் செல்வம்.

நான் மறுத்துப் பேசவில்லை. அன்று மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கேட்டிருக்க வேண்டிய இடம் அந்தப் பட்டறை. என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.