பெருமாள் மாமா நேராக்கிய பந்துகள்

தகரப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த ஆளிவிதை எண்ணெய் நெடியோடுதான் அப்பாவின் விளையாட்டு எங்கள் சிட்லபாக்கத்து வீட்டுக்குள் நுழைந்தது. ஜாம்பியாவில் பல ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்துவிட்டு எண்பதுகளின் நடுவில் திரும்பியவர், மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த காலத்தில், எட்டுக் கரிய மரப் பந்துகளையும் ஒரு சிறிய வெள்ளைப் பந்தையும் சுமந்து வந்தார். அங்கே வெள்ளைக்காரர்களின் கிளப்பில் அவர் கற்ற "பௌல்ஸ்" ஆட்டம் அது. முதலில் உருட்டிவிட்ட வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் போய் நிற்குமாறு மரப் பந்துகளை உருட்ட வேண்டும். ஆனால் அந்தப் பந்துகள் வேண்டுமென்றே ஒரு பக்கம் சரிவாகக் கடையப்பட்டவை. வேகம் குறையக் குறைய அந்தப் பக்கமாக வளையும். அந்த வளைவைக் கணித்து, இலக்கை விட்டு விலக்கிக் குறிவைப்பதுதான் ஆட்டமே.

இதை அப்பா விளக்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று முறை விளக்கினார். கேட்டவர்களோ, "ஸ்டம்ப் எங்க சார் நடுவீங்க?" என்றார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "குனிஞ்சா முதுகு புடிச்சுக்கும், கேரம்னா சொல்லுங்க" என்று நகர்ந்தார். இன்னொருவர் ஓடிவந்து வீசி எதிர்வீட்டு இரும்புக் கேட்டை நெளித்தார். அப்பா இல்லாத வேளைகளில் விளக்கும் பொறுப்பு பன்னிரண்டு வயதுப் பெண்ணான என்மேல் விழுந்தது.

ஏரியை ஒட்டி எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொறுப்பில் ஒரு காலிமனை இருந்தது. பாதிப் பேர் அங்கே ஷட்டில் ஆட விரும்பினார்கள். "மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆடிக் காட்டுங்க சார், புடிச்சிருந்தா இடம் உங்களுக்கு" என்றார் சங்கச் செயலாளர். அதுவரை வெறும் "ஆப்பிரிக்கா வாத்தியார்" ஆக இருந்த அப்பாவுக்கு, தெருவுக்கு எதையாவது கொடுத்த மனிதராக ஆவதற்கு அதுவே வாய்ப்பு. இரண்டு வாரம் தண்ணீர் தெளித்து, கல் உருளை இழுத்து, அந்தச் செம்மண்ணைத் தாமே சமன்செய்தார்.

கடைசி வாரத்தில் ஓர் உறவினர் திருமணத்துக்காக அவர் நாகர்கோவில் போனபோது, பக்கத்து வீட்டுப் பெருமாள் மாமா வந்தார். வாழ்நாளெல்லாம் தொழிற்சாலையில் லேத் இயந்திரத்தில் கடைசல் வேலை பார்த்தவர். எங்கள் வாசலில் ஒரு பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, இது கோணிக்கினு போவுது? ஃபாரின்காரன் ஒங்கப்பாவ நல்லா ஏமாத்திட்டான்" என்றார். விளக்கி விளக்கிச் சலித்திருந்த நான், "ஆமா மாமா, பழுதுதான்" என்றேன். நான் எடுத்துக் கொடுத்த எட்டையும் கோணிப்பையில் கொண்டுபோனவர் சனிக்கிழமை மாலை, மின்ன மின்னத் திருப்பிக் கொடுத்தார். என்ன செய்தார் என்று நானும் கேட்கவில்லை.

ஞாயிறன்று ஊர் திரும்பிய அப்பா நேரே மைதானத்துக்குத்தான் வந்தார். பந்தைக் கையில் எடுத்ததும் ஒரு கணம் தயங்கினார். கூட்டம் காத்திருந்ததால் வழக்கம்போல் விலக்கிக் குறிவைத்து உருட்டினார். அது வளையவே இல்லை; வெள்ளைப் பந்தை விட்டு வெகுதூரம் நேராக ஓடி வேலியில் முட்டியது. இரண்டாவதும் அப்படியே. கூட்டம் சிரித்தது. பெருமாள் மாமா எழுந்து, "நேராவே வுடு சார், எட்டையும் லேத்துல போட்டு சரி பண்ணிட்டேன்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மாமாவின் கையைப் பிடித்து, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

அதன்பின் நடந்ததுதான் இன்னும் எரிச்சல். கோலி உருட்டிப் பழகியவர்களுக்கு நேராக ஓடும் பந்து உடனே பிடித்துவிட்டது. சங்கம் அன்றே மனையைக் கொடுத்து, ஆட்டத்தை நடத்தும் பொறுப்பைப் பெருமாள் மாமாவிடம் ஒப்படைத்தது. அப்பாவை "ஆலோசகர்" ஆக்கியது. அவர் ஒருநாளும் அங்கே ஆடவில்லை. இரண்டு கோடைகளில் அவர்களுக்கும் அலுத்துப்போய், வலை கட்டி ஷட்டில் ஆடத் தொடங்கினார்கள்.

இன்று அங்கே மனையும் இல்லை, வலையும் இல்லை. நான்கு மாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தம்தான் இருக்கிறது. அப்பாவுக்குப் பெரிய உதவி செய்ததாக நம்பியே பெருமாள் மாமா காலமானார். அந்த நம்பிக்கையை அப்பா கலைக்கவில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பந்துகளை யார் எடுத்துக் கொடுத்தது என்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானாகவே சொல்ல ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டேன். இப்போது சொல்வதற்கு அப்பா இல்லை.