மடக்கைக் கணக்கில் விட்டுப்போன ஒன்று

கல்லூரியில் கணிதம் படித்து முடித்த பிறகு ஒன்றரை வருடம் காரைக்குடியில் வீட்டிலேயே இருந்தேன். அறுபதுகள் முடியப்போகும் நேரம். மதுரைக்கும் சென்னைக்கும் வேலை கேட்டு ஏழெட்டு விண்ணப்பங்கள் போட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தபால்காரரின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

அந்த நாட்களில்தான் சனி, ஞாயிறுகளில் இரண்டு பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. ஒருத்தி கோட்டையூரில் தச்சுவேலை செய்கிறவரின் மகள். எதையும் இரண்டு தடவை கேட்டால்தான் விடுவாள். இன்னொருத்தி புதுவயல். வயலும் மாடுகளும் உள்ள குடும்பம். நான் சொல்வதை எழுத்துப் பிசகாமல் நோட்டில் இறக்கிக்கொள்வாள். வெவ்வேறு பள்ளிகளில் படித்தாலும் என் வீட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள்.

மடக்கை, அதாவது லாகரிதம், நடத்திய சனிக்கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. வேலைக் கடிதம் இல்லை. சித்திரையில் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சிவகங்கையிலிருந்து அத்தை எழுதியிருந்தாள். படித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன். உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே நடத்தினேன்.

ஒன்றைவிடச் சிறிய எண்ணுக்கு மடக்கை எழுதும்போது முன்னால் வரும் எண்ணின் தலையில் ஒரு கோடு போடுவோம். அதைப் ‘பார்’ என்போம். புள்ளிக்குப் பிறகு எத்தனை சைபர் இருக்கிறது என்று எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். “சைபர எண்ணு. அத்தனை பார்” என்று மட்டும் சொன்னேன். கூட்ட வேண்டிய ஒன்றைச் சொல்லவே இல்லை. கோட்டையூர்ப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள். “சொன்னத எழுது” என்றேன். மறுநாள் இருவரும் போட்டுக் கொண்டுவந்த வீட்டுக்கணக்கை விடை பார்க்காமலே டிக் அடித்துக் கொடுத்தேன்.

கணக்குப் பரீட்சையன்று காலை, அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது, பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துச் சும்மா ஒரு கணக்குப் போட்டேன். புள்ளிக்குப் பிறகு இரண்டு சைபர். கை தானாகப் பார் மூன்று என்று எழுதியது. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு நான் என்ன சொன்னேன்? பால் பொங்கி வழிந்து அம்மா சத்தம் போட்டபோது நான் தெருவில் இறங்கியிருந்தேன்.

பரீட்சை பத்து மணிக்கு. கோட்டையூர்ப் பெண் எழுதும் பள்ளி பக்கத்தில் இருந்ததால் முதலில் அங்கே ஓடினேன். மரத்தடியில் புத்தகத்தோடு நின்றிருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்கு அன்னிக்கே சந்தேகந்தேன்கா. புத்தகத்துல பாத்துத் திருத்திக்கிட்டேன்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

அவள் கீழே பார்த்தாள். “நீங்க ரெம்பக் கோவமா இருந்தீக.”

“அவகிட்டயாச்சும் சொன்னியா?”

“பஸ்ஸுல வச்சுச் சொன்னேன்கா. அக்கா சொன்னா சரியாத்தேன் இருக்கும்னு புத்தகத்தத் தொறக்கவே மாட்டேன்னுட்டா.”

மற்றப் பள்ளி ஊரின் அந்தக் கோடியில். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி, வேகமாகப் போகச் சொல்லி வழியெல்லாம் விரட்டினேன். போய் இறங்கும்போது கேட்டைச் சாத்திவிட்டார்கள். உள்ளே மணி அடித்தது. காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குப் போகவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. பரீட்சை முடியும்வரை அந்தச் சுவரோரமாகவே மேலும் கீழும் நடந்தேன்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் சிரித்தபடி ஓடி வந்தாள்.

“மடக்கை வந்துச்சுக்கா. நீங்க சொன்ன மாதிரியே சைபர எண்ணிப் போட்டுட்டேன்.”

பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் வினாத்தாளை நாலாக மடித்தாள். “ஒரு கணக்குத்தானக்கா” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். சிரிப்பு மட்டும் போய்விட்டது.

அந்தக் கணக்குக்கு ஐந்து மதிப்பெண். கோடையில் முடிவு வந்தபோது, கணிதத்தில் தேறுவதற்கு அவளுக்கு மூன்று மதிப்பெண் போதவில்லை. மற்றப் பாடங்களிலெல்லாம் நன்றாக வாங்கியிருந்தாள்.

மறுநாள் புதுவயலுக்குப் பஸ் ஏறினேன். அவள் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா. இனிமே படிப்பு என்னத்துக்கு? பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுப் போதும்னு விட்டாச்சு.”

“தப்பு அவ மேல இல்லங்க. நாந்தான் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன்” என்றேன். எந்த இடத்தில், எப்படி என்று சொன்னேன். கணக்கு அவருக்குப் புரிந்திருக்காது. வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தோள்துண்டில் கையைத் துடைத்தார்.

“நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்கப் போறதில்லையே” என்றார். “செப்டம்பர்ல எழுதட்டும். ஆனா அவ அங்குட்டு வரமாட்டா. நீங்கதேன் வரணும்.”

வாரத்துக்கு மூன்று நாள் போனேன். பெண் பார்க்கச் சித்திரையில் வருவதாக இருந்தவர்கள் ஆடி கழிந்துதான் வந்தார்கள். அவர்கள் வந்ததும் நான் புதுவயல் போகவேண்டிய நாளில்தான். காபி டம்ளர்களைக் கழுவி வைத்த கையோடு கட்டியிருந்த பட்டுப்புடவையிலேயே பஸ் ஏறிவிட்டேன். அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. அதனால்தான் என்று அம்மா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மாறியிருந்தாள். நான் எதைச் சொன்னாலும் என் எதிரிலேயே புத்தகத்தை விரித்து, வரியின் மேல் விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினாள். முதல் வாரம் எனக்கு முகம் சுண்டியது. பிறகு நானே பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பரில் தேறிவிட்டாள். ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போடப் போவதாகச் சொல்ல, அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர் உட்காரவில்லை. மில்லில் நெல் மூட்டை கிடக்கிறது என்று சொல்லி வாசலோடு மகளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.