கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்ட நோன்பு மாதம்

எனக்குப் பிறவியிலேயே நெஞ்சு குழிவு. நான் வளர வளரக் குழியும் கூடவே வளர்ந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சிதம்பரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். நெஞ்செலும்பை நிமிர்த்தி அதற்கு அடியில் வளைந்த கம்பி ஒன்றை வைத்துவிட்டார்கள். அப்போது நான் எட்டாம் வகுப்பு. கடலூர் வீட்டுக்குத் திரும்பிய மறுநாளே ரம்ஜான் பிறை தெரிந்தது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டரம்மா அம்மாவிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடாதீங்க. வர்றதுக்கு முன்னாடியே வேளாவேளைக்குச் சாப்பாடு குடுத்துட்டுப் போட்டுடுங்க. வலி இல்லாம இருந்தாத்தான் புள்ள நல்லா மூச்சிழுக்கும், இருமும். இருமலன்னா சளி கட்டிக்கும்." அம்மா செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் ஒரு நோன்புகூட விடமாட்டேன் என்று நான் வகுப்பில் சவால் விட்டிருந்தேன். உடம்பு சரியில்லாதவர்களுக்கு நோன்பு கடமையில்லை என்று அத்தா பொறுமையாக எடுத்துச் சொன்னார். "கம்பி வச்ச புள்ளைக்கெல்லாம் நோன்பு கெடையாது, போய்ப் படு" என்று அண்ணன் சிரித்தான். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பகல் சாப்பாட்டை அம்மா கொண்டுவந்தால், "வச்சிட்டுப் போம்மா, சாப்ட்டுட்டு மாத்திரை போட்டுக்கறேன்" என்பேன். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற அவசரத்தில் அவளும் போய்விடுவாள். சோறு ஜன்னலுக்கு வெளியே நின்ற பூனைக்குப் போனது. மாத்திரை தலையணை உறைக்குள் போனது.

இரண்டு மூன்று நாளில் வலி என்னைப் பிடித்துக்கொண்டது. நெஞ்சின் மேல் அம்மியை வைத்து, அதன் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருமல் தொண்டை வரை வரும், பயந்து விழுங்கிவிடுவேன். சாயங்காலம் காய்ச்சல் அடிக்க, சிதம்பரத்துக்கே திரும்பவும் காரில் கூட்டிப்போனார்கள். அம்மா பின்சீட்டில் தலையணையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அத்தா, "பொறுத்துக்கம்மா, பொறுத்துக்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா சோதிப்பதற்காகத் தலையணையை வாங்கினார். உறைக்குள்ளிருந்து மாத்திரைகள் பொலபொலவென்று மேசையில் கொட்டின.

"சளி கட்ட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு நாள் இப்படியே போனா அட்மிட்தான் பண்ணணும்" என்றார். அம்மா அடிப்பாள் என்று பார்த்தேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அதுதான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது.

மறுநாள் மதியம் அத்தாவும் அண்ணனும் பள்ளிவாசலுக்குப் போனதும் அம்மா இரண்டு தட்டுகளோடு வந்து கதவைச் சாத்தினாள். "எனக்கும் நோன்பு இல்லடி. ஆம்பளைங்க காதுல போட்டுடாத" என்றாள். மாதத்தில் அந்த நாள்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது என்பதும், வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் நோன்பாளி போலவே நடமாடுவார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெரிய மனுஷியான மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்குத் துணையாகத்தான் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பில் தட்டைக் காலி செய்தேன். மாத்திரையையும் விழுங்கினேன்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் தலையணையைக் கட்டிக்கொண்டு இருமச் சொல்வாள். இருமி முடித்ததும் தெருக்கதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். நான் சிரித்தால், "சிரிக்காதடி, தையல் இழுக்கும்" என்று அவளே என் வாயைப் பொத்துவாள். நோன்பு திறக்கும் நேரத்தில் இருவரும் வாடிய முகத்தோடு உட்கார்ந்திருப்போம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாகவே நடிப்பேன். பெருநாளுக்குள் வலி அடங்கிவிட்டது, சளியும் விட்டது. அந்த மதியங்களுக்காகவே இன்னொரு முறை படுத்துக்கிடக்கலாம் என்று இப்போதும் ஏங்குகிறேன்.

பிறகு கல்லூரி விடுதியில் ஒரு ரம்ஜான். எனக்கு நோன்பில்லாத நாள்கள் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிட்டன. திரும்பவும் விடியலுக்கு முன்னால் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்தபோதுதான் சுருக்கென்றது. அம்மாவுக்கு மட்டும் அது எப்படிப் பெருநாள் வரைக்கும் நீண்டது? யோசித்துப் பார்த்தேன். முதல் சில நாள் அவள் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம் தோசையைப் பிய்த்துப் பிய்த்து என் தட்டிலேயே போட்டாள். அவளுடைய டீ ஆடை படிந்து அப்படியே தொட்டிக்குப் போனது. சாப்பிட்டவள் மாதிரி முந்தானையால் வாயை மட்டும் துடைத்துக்கொள்வாள்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது கேட்டேவிட்டேன். "அம்மா, அப்ப நீ நோன்பு வச்சிக்கிட்டேதான் எங்கூட சாப்பிடற மாதிரி உக்காந்திருந்தியா?"

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தனியா வச்சிருந்தா நீ தின்னிருப்பியாடி?" என்றாள்.