தேவராஜுக்கு எரிந்த பச்சை விளக்கு

என் சர்வீஸ் முழுக்க மெஷின்களைத்தான் டெஸ்ட் செய்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, எங்கள் லைன் சூப்பர்வைசர் தேவராஜையே டெஸ்ட் செய்து அவருக்கு 'ஓகே' வாங்கிக் கொடுத்தேன். இன்றுவரை அந்த மனிதர் என்னை மன்னிக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில் ஒரகடத்தில், கார் சீட் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் சாஃப்ட்வேருக்கு நான் லீட். போல்ட்டை முடுக்கும் டார்க் கன், எவ்வளவு இறுக்கம் என்ற ரீடிங்கைக் கேபிள் வழியாக எங்கள் பைத்தான் புரோகிராமுக்கு அனுப்பும். நாற்பதுக்குக் குறைந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அவ்வளவுதான் வேலை.

ஒரு நாள் காலையில் கஸ்டமரிடமிருந்து ஒரு சீட் திரும்பி வந்தது. போல்ட் கையாலேயே சுழன்றது. முடுக்கியது செல்வி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். டிரெய்னிங் முடியும் நேரம். பர்மனென்ட்டா, பெட்டியைக் கட்டி ஊருக்கா என்று அன்று சாயங்காலம் முடிவாக வேண்டும். தேவராஜ் முடிவே செய்துவிட்டார்.

"இன்னா மேடம், கம்ப்யூட்டர்ல ஓகேன்னு கீது. அப்போ இந்தப் பொண்ணுதான் எங்கியோ பராக்கு பாத்துகினு முடுக்கிக்கீது."

"பச்ச எரிஞ்ச பொறவுதான் மேடம் சீட்டைத் தள்ளுனேன். சத்தியமா," என்றாள் செல்வி.

"எல்லாரும் இதையேதான் சொல்வாங்க. சும்மா கத்தாத," என்றார் தேவராஜ்.

அந்த 'சும்மா கத்தாத' என் காதில் உறுத்தியது. எங்கேயோ கேட்ட வார்த்தை. ஆங், எங்கள் கோகுல்!

கோகுல் என் டீமில் கெட்டிக்காரப் பையன். அதை அவனே சொல்லுவான். அதற்கு முந்தின மாதம்தான் டீமுக்கு ஒரு டைப் செக்கர் கொண்டுவந்திருந்தேன். பைத்தான் மொழியில் எந்தப் பெட்டியில் எதையும் போடலாம். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து உட்கார்ந்திருந்தாலும் எழுதும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். செக்கர் புரோகிராமை ஓட்டாமல் படித்துப் பார்த்தே, "இங்கே எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடுகிறாய்" என்று சொல்லிவிடும். முதல் நாளே ஸ்கிரீன் முழுக்க எரர். கோகுல் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தான். "சும்மா கத்துது மேடம்" என்று, அது குறை சொன்ன வரிகளின் ஓரத்தில் எல்லாம் 'இக்னோர்' என்று எழுதிவிட்டான். அப்படி எழுதினால் செக்கர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

செல்வி ஸ்டேஷனின் புரோகிராமைத் திறந்தேன். நாற்பதோடு ஒப்பிடும் வரியின் ஓரத்திலும் ஜம்மென்று ஒரு இக்னோர். அதை அழித்துவிட்டு செக்கரை ஓட்டினேன். மாமியார் ஒரே வரியில் விஷயத்தைச் சொன்னாள்: ரீடிங் எழுத்து, நாற்பது எண். பழைய கன் எண்ணாக அனுப்பியது. புதிதாக மாட்டிய கன் அதையே ஒரு பெயர் மாதிரி வெறும் எழுத்தாக அனுப்புகிறது. அதை எண்ணாக மாற்ற கோகுல் மறந்திருக்கிறான். நாங்கள் வைத்திருந்த பழைய பைத்தானோ, எழுத்தும் எண்ணும் மோதினால் எரர் காட்டாது. எழுத்துதான் பெரிது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இதைத் தேவராஜிடம் விளக்கினேன். "இன்னா மேடம், கத வுடுறீங்க?" என்றார். சரி என்று அவரை லைனுக்குக் கூட்டிப்போனேன். ரீடிங்கைக் கையால் அடிக்கும் டெஸ்ட் மோடில் போட்டு, "உங்க பேரை அடிங்க" என்றேன். ஒரு விரலால் தேடித் தேடி இங்கிலீஷில் தேவராஜ் என்று அடித்தார்.

பச்சை. ஓகே.

லைனே சிரித்தது. "சூப்பர்வைசர் சார் நல்லா டைட்டா இருக்கார்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் விடாமல் 'சாம்பார்' என்று அடித்துப் பார்த்தார். அதற்கும் பச்சை. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ இத்தினி நாளா இந்த லைட்டு..."

"ஆமா சார். எதுக்கும் சிவப்பு எரிஞ்சிருக்காது."

காற்றழுத்தத்தில் ஓடும் கன், ஏர் பிரஷர் இறங்கிய நேரத்தில் சரியாக முடுக்கவில்லை, விளக்கும் சொல்லவில்லை. பிறகு சிரிப்பெல்லாம் போய், புது கன் வந்த பிறகு செய்த சீட்டுகளையெல்லாம் ஸ்பானர் வைத்துச் சோதித்தோம். கோகுல்தான் முதல் ஆளாக ஸ்பானர் பிடித்தான். மாமியாரைப் பற்றி மூச்சு விடவில்லை. தேவராஜ் நேராக எச்.ஆருக்குப் போய், "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொன்னார். செல்வி பர்மனென்ட் ஆனாள். எனக்கு அன்று அழுகையே வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் டீமில் ஒரு விதி. இக்னோர் போடுகிறவர் பக்கத்திலேயே தன் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். பாதி இக்னோர்கள் தானாகக் காணாமல் போயின.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செக்கரும் செல்வியும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். இரண்டு பேரையும் 'சும்மா கத்துது' என்று வாயடைக்க வைத்தோம்.

செல்வி இப்போது அதே லைனில் சூப்பர்வைசர். ரிடையராகும் நாளில் தேவராஜ் அவள் ஸ்டேஷன் பக்கம் வந்து, "இன்னாம்மா, லைட்டு ஒயுங்கா எரியுதா?" என்று கேட்டார்.

"நல்லா எரியுதுண்ணே," என்றாள் செல்வி. "நேத்து உங்க பேரை அடிச்சுப் பாத்தேன். ரிஜெக்ட் ஆயிட்டிய."