பூனைக்கண் செத்த மத்தியானம்

எவரிஸ்து யாரையும் நம்பமாட்டான். ரொட்டிக்காரி சிரித்துக்கொண்டே ரொட்டி கொடுத்தால், நேற்றைய ரொட்டியாக இருக்குமோ என்று மோந்து பார்ப்பான். பாதிரியார் நலம் விசாரித்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் தன் தலை உருளப் போகிறது என்பான். கண்ணைச் சுருக்கி ஆளை அளக்கும் அந்தப் பார்வைக்காகவே எங்கள் தீவின் மீனவக் கிராமமான ஆன்ஸ் கோகோ அவனுக்குப் பூனைக்கண் என்று பெயர் வைத்தது. எவரிஸ்து என்று கேட்டால் தபால்காரனே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

பிறவியிலேயே இப்படி இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் மனைவி வெர்னா காய்ச்சலில் போனாள். ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு, புயல் எச்சரிக்கை இருக்கும்போதே, கடலுக்குப் போகிறேன் என்று ரம் வாடையோடு கிளம்பினான். பதினாலு வயதிலிருந்து ஒரே படகில் துடுப்புப் போட்ட கூட்டாளி ஒக்தாவ் கரையில் மறித்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். விடியட்டும், அப்புறம் பார்க்கிறேன் உன்னை என்று எவரிஸ்து போய்ப் படுத்தான். காலையில் படகைக் காணோம். யாரோ கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கடல்முனைக்கு அப்பால் பாறையில் மோதி அது விறகாகக் கிடந்தது.

ஒக்தாவைத் தவிர வேறு யார்? ஊர் கூடியிருக்க அவன் முகத்திலேயே எவரிஸ்து காறித் துப்பினான். "நான் அவுக்கல" என்று ஒக்தாவ் ஒரே ஒரு தடவை சொன்னான். அதன் பிறகு எத்தனை ஏச்சுக்கும் வாய் திறக்கவில்லை. குற்றமில்லாதவன் இப்படியா சும்மா இருப்பான்? ஆனாலும் கண்ணால் கண்ட சாட்சி இல்லை. அந்தக் குறை எவரிஸ்துவை அரித்துக்கொண்டே இருந்தது. சில வருஷம் பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டான், சில வருஷம் கடைக்காரனை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒக்தாவிடமே வந்து நிற்பான். அவன் சந்தேகப்படாத ஒரே உயிர் தங்கை லியோகாடி. பக்கத்து ஊரான சூஃப்ரியேயின் சந்தையில் காய்கறி விற்பவள். ஞாயிறு தவறாமல் சுட்ட ஈரப்பலாவும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

இந்த நிலைமையில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் இந்தத் தீவில் வாரத்துக்கு ஒரு கொலை கண்டுபிடிக்கும் தமாஷ் தொடர் அது. ஆறு வருஷமாக எங்கள் கடற்கரையில்தான் எடுக்கிறார்கள். "இந்த ஊருல ஆடு திருடு போனதுக்கு மேல குத்தம் நடந்ததில்ல, டிவியில அம்பது பேரு செத்துட்டாங்க" என்று கடைக்காரன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இந்த முறை பிணமாகப் படுக்க ஆள் தேடினார்கள். எவரிஸ்து தானாகப் போய் நின்றான்.

அவன் கணக்கு வேறு. பிணத்தைச் சுற்றி ஊரே வந்து குனிந்து பார்க்கும் காட்சி அது. செத்தவனைப் பார்க்கும்போது குற்றம் செய்தவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. இமையை ஒரு நூல் திறந்து வைத்தால் போதும், படகை அவிழ்த்தவன் மாட்டிக்கொள்வான். ஒக்தாவுக்குப் போலீஸ்காரர் வேஷம் கொடுத்து, கூட்டத்தை விலக்க நிறுத்தியிருந்தார்கள். அதைக் கேட்டதும் எவரிஸ்துவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

மத்தியானம் படகுத்துறையில் சட்டை முழுக்கச் சிவப்புச் சாயத்தோடு மல்லாந்து கிடந்தான். கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்து, நிஜமாகவே வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கும் புரோஸ்பரைக் கூட்டி வந்திருந்தார்கள். புரோஸ்பர் குரலில் பெயர் வந்துவிட்டால் அந்த ஆள் செத்தது செத்ததுதான், எங்கள் தீவில் மறுபேச்சு கிடையாது. தொடரில் செத்தவன் பெயரை எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

"ஜெரால்ட் விட்மோர், வயசு அறுபத்தொண்ணு. அவ்வளவுதானா? ஊருல கூப்பிடுற பேரு எங்க?"

"அதெல்லாம் எதுக்கு?" என்றாள் டைரக்டர் அம்மா.

"எதுக்கா? முப்பது வருஷமா கூப்பிடுற பேரு இல்லாம நான் ஒரு சாவு வாசிச்சதில்லம்மா. அது இல்லேன்னா எவனும் அழுவ வரமாட்டான்."

அவள் சிரித்துக்கொண்டே உங்கள் இஷ்டம் என்றாள். புரோஸ்பர் துறையில் கிடந்தவனை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஜெரால்ட் விட்மோர், ஆன்ஸ் கோகோ கிராமத்தில் பூனைக்கண் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், இன்று காலமானார் என்று கணீரென்று வாசித்துவிட்டார்.

படப்பிடிப்புக்காகச் சாலை வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு மினிபஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கிருந்தவர்களுக்குக் கேமரா தெரியாது, துறை தெரியாது. குரல் மட்டும் கேட்டது. விட்மோர் எவனோ, அவன் யாருக்கு வேண்டும்? பூனைக்கண் போய்விட்டான். வழி விட்டதும் கிளம்பிய பஸ் சூஃப்ரியே சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் டிரைவர் முதல் வேலையாக லியோகாடி கடை முன்னால் தொப்பியைக் கழற்றினான்.

இங்கே கூட்டக் காட்சி நடந்துகொண்டிருந்தது. எவரிஸ்து இமையிடுக்கில் ஒவ்வொரு முகமாக அளந்தான். ரொட்டிக்காரி சிரிப்பை அடக்குகிறாள். பக்கத்து வீட்டுக்காரன் கேமராவையே பார்க்கிறான். ஒக்தாவ் மட்டும் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தபடி நின்றான். மாட்டினாயா மகனே என்று பிணம் மனசுக்குள் குதித்தது.

அப்போதுதான் அலறல் கேட்டது. யார் தடுத்தும் நிற்காமல், சந்தைத் துணியை இடுப்பில் கட்டியபடியே ஒருத்தி ஓடிவந்து அவன் மார்பில் விழுந்தாள்.

"அண்ணே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே அண்ணே!"

டைரக்டர் அம்மா நிறுத்தச் சொல்லவில்லை. இவ்வளவு நல்ல நடிகையை யார் அனுப்பினார்கள் என்று வாயைப் பிளந்து பார்த்தாள். எவரிஸ்துவுக்கும் அதே சந்தேகம். குரல் தங்கையுடையதுதான், ஆனால் இவர்கள் காசு கொடுத்து அழச் சொல்லியிருப்பார்களோ? அசையக்கூடாது என்று உத்தரவு. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சொல்லிடணும்னுதான் வந்தேன். சட்டிய வெச்சிட்டு வாய மூடிக்கிட்டு ஓடிட்டேன்," என்று அவள் அவன் காதருகே விம்மினாள். "நான்தான் அண்ணே. படகை அவுத்துவிட்டது நான்தான். அண்ணி போன துக்கத்துல நீ சாவத்தான் கடலுக்குப் போறேன்னு தெரிஞ்சுது. அடுத்த கரை வளைவுல போய் ஒதுங்கும்னு நெனச்சேன். பாறையில மோதும்னு யாரு கண்டா! என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போறியே!"

பிணத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "பிணம் அழுவுதும்மா!" என்று கேமராக்காரன் கத்தினான்.

எவரிஸ்து எழுந்து உட்கார்ந்தான். லியோகாடி பேய் கண்டதுபோல் கூவிப் பின்னால் சாய்ந்தாள். மறுகணம் செருப்பைக் கழற்றி அண்ணன் முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. புரோஸ்பர் மட்டும் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிட்டார்.

எவரிஸ்து அடியைத் தடுக்கவில்லை. அடித்த கையைப் பிடித்து ஒருமுறை தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். பிறகு சாயம் சொட்டச் சொட்ட நேராக ஒக்தாவிடம் போனான். ஒக்தாவ் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைப் பார்த்ததும் பழைய சந்தேகம் எவரிஸ்துவுக்குள் இன்னொரு பக்கமாகத் தலைதூக்கியது.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"அன்னைக்கு ராத்திரி நீ போய்ப் படுத்தப்புறம் வலைய எடுக்க வந்தேன். கையில கயித்தோட நின்னா."

"பதினோரு வருஷம்டா! ஊரு பாக்க உன் மூஞ்சியில துப்பினேன்."

"துப்பினே."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா கேடு?"

ஒக்தாவ் போலீஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "வெர்னா போயிட்டா. படகும் போச்சு. இவளையும் காட்டிக் குடுத்திருந்தா நீ அவ மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டே. அப்புறம் யாரு கையால சாப்பிட்டிருப்பே?"

எவரிஸ்து வழக்கம்போல் கண்ணைச் சுருக்கி அந்த முகத்தில் பொய்யைத் தேடினான். எங்கும் இல்லை. பதினொரு வருஷத்தை நினைத்தபோது அவமானத்தில் உடம்பு கூசியது. சின்னப் பிள்ளைபோல் தேம்பிக்கொண்டு ஒக்தாவை இறுகக் கட்டிக்கொண்டான்.

"சாயம் ஒட்டுதுடா, இது அவங்க சட்டை," என்றான் ஒக்தாவ். ஆனால் விலகவில்லை.