தாங்கிக்குள் விட்ட கப்பி மீன்கள்

அன்று எங்கள் எத்தாளை ஊர்த் தோட்டத்தில் இருந்தது நாலு பேர்: நான், என் கணவர், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மிஸ், அவரை ஏற்றிவந்த வான் டிரைவர். போன வருடம், வெங்காயம் பிடுங்கி முடித்த கையோடு நடந்தது.

மிஸ் எங்கள் காணியில் மூன்று கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகளை வெளிச்சம் புகாமல் மூடி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் பெரிய பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ். விண்வெளியிலிருந்து வரும் ஒரு துகள் மேலே காற்றில் மோதிச் சிதறி, கோடிக்கணக்கில் மழையாக இறங்குமாம். தண்ணீருக்குள் பாயும்போது துளி வெளிச்சம் வருமாம். அதைக் குமிழ் பிடிக்கும். மூன்று தாங்கியும் ஒரே நேரத்தில் பிடித்தால் மழை வந்தது உறுதி.

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அது உடம்பில் பட்டால் நோய் வராதா என்றுதான் முதலில் கேட்டேன்.

"பிறந்த நாளில இருந்து பட்டுக்கொண்டுதான் இருக்கு அக்கா" என்றார் மிஸ்.

அன்றுதான் தாங்கிகளை முதன்முதல் இயக்கிப் பார்க்கும் நாள். வந்ததும் மிஸ் இரண்டாவது தாங்கியருகே நின்றுவிட்டார். "இந்தப் பிளக்கை ஆர் கழட்டினது?"

நான் முன்னால் போனேன். "நான்தான் மிஸ். டெங்கு பார்க்க வாராங்கண்டு கதை. தண்ணி தேங்கியிருந்தா கேஸ் போடுவாங்களே... நேத்து மூடியைத் திறந்து அஞ்சு கப்பி மீன் விட்டேன். புழு வந்தா தின்னுமே."

என் கணவர் தலையில் கைவைத்தார். "அல்லாஹ்வே! வானத்தைப் புடிக்க வெச்ச தாங்கியில மீனா வளர்க்கிறா?"

மிஸ்ஸின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் குமிழ் வெளிநாட்டிலிருந்து வந்தது, வேறு கிடையாது. கரண்ட் ஓடும்போது வெயில் பட்டிருந்தால் அது போயிருக்கும், அவரின் இரண்டு வருட உழைப்பும் போயிருக்கும்.

"திறக்கேக்க கரண்ட் இருந்ததா அக்கா?"

"இல்ல மிஸ். தண்ணியும் கரண்டும் எண்டா எனக்குப் பயம். பிளக்கைக் கழட்டிட்டுத்தான் மூடியில கையே வெச்சேன். பொறவு மாட்டவும் பயம்."

மிஸ் அப்படியே வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "உங்கட பயம்தான் அதைக் காப்பாத்தினது!"

தாங்கியைக் கறுப்புப் படங்குத் துணியால் மூடி, நானும் மிஸ்ஸும் அந்தத் துணிக்கடியில் நுழைந்தோம். துணி சுற்றிய டோர்ச் வெளிச்சத்தில் தேங்காய்ப்பால் வடியால் மீன்களை அள்ளினேன். வெளியே டிரைவர் வாளியோடு நின்று எண்ணினார். "நாலுதான் வந்திருக்கு. மத்தது சந்திரனுக்குப் போயிட்டோ?" ஐந்தாவதும் அகப்பட்டது. மூடி இறுக்கி, கரண்ட் கொடுத்துக் காத்திருந்தோம்.

பின்னேர அஸர் தொழுதுவிட்டு நானும் கணவரும் வந்தபோது மிஸ்ஸின் கணினித் திரையில் மூன்று கோடுகள் ஒன்றாக எழும்பின. மிஸ் கத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். என் கணவர் மேகமே இல்லாத வானத்தைப் பார்த்து, "மழையெண்டீங்க, சட்டை நனையல்லியே!" என்றார்.

பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அது கூடும்போது முற்றத்துக்கு வந்து உள்ளங்கையை விரித்து நிற்பேன். அந்த மழை இப்போதும் கைமேல் பெய்துகொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.