கொய்யா மரத்தில் தொங்கிய விலாங்கு

போன வாரம் பேரன் நனைந்த சாக்ஸை ஒற்றைக்காலில் நின்று உரித்துக்கொண்டிருந்தான். வராமல் அடம்பிடித்து, கடைசியில் சளக்கென்று கழன்று வந்தது. நான் சிரித்த சிரிப்பில் மருமகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டாள். எனக்கு, வெளிமாநிலத்தில் பட்டாளக்காரர்கள் வீடு கட்டிக் குடியேறிய சைனிக்புரியில் விலாங்கு உரித்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது பக்கத்து மல்லாபூர் தொழிற்சாலையில் எனக்குப் புது வேலை. ரிட்டையரான சுபேதார் ஒருவர் வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தோம். வேலூர்க்காரர், மீன் சமைக்கலாம் என்று சம்மதித்த ஒரே வீட்டுக்காரர். என் மனைவி ரோசம்மாவுக்கு ஏழாம் மாதம். விலாங்குக் குழம்புக்கு அவள் ஏங்க, மச்சான் தூத்துக்குடியிலிருந்து ஐஸ்பெட்டியில் ஆள் நீளத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். கடல் விலாங்கு கையில் நிற்காது. சாம்பல் தேய்த்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுத்தான் தோலை உரிப்போம். ஊரில் அதற்குத் தென்னை. இங்கே வீட்டுக்கார அம்மாளின் கொய்யா மரம். அந்தம்மா நாகருக்குப் பால் வைக்கிறவர் என்று தெரியும். தெரிந்தும் தொங்கவிட்டேன் பாருங்கள், அதுதான் நான்.

பாதித் தோல் இறங்கியபோது அந்தம்மா அலறினார். சுபேதார் லத்தியோடு வந்தார். பாம்பைக் கொன்று மரத்தில் கட்டியவனுக்கு இங்கே இடமில்லை, இன்றைக்கே காலி செய் என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற ரோசம்மாவைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. இது மீன் சார், நாங்கள் விலாங்கு என்போம், இங்கிலீஷில் காங்கர், அது லத்தீன் வழியாக வந்தது, லத்தீனுக்குக் கொடுத்தவர்கள் கிரேக்கர்கள், அவர்கள் வைத்த பெயர் கோங்க்ரோஸ் என்று, பள்ளிக்கூட அகராதியில் படித்ததையெல்லாம் கொட்டினேன். அந்த நேரத்தில் யாராவது கிரேக்கம் பேசுவார்களா?

சுபேதார் மீனை ஒரு சுற்று சுற்றிவந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இட்டாலியில சண்டைக்குப் போனப்ப இத க்ரோங்கோன்னாங்கப்பா. டின் சாப்பாடு தின்னு நாக்கு செத்துக் கெடந்தோம். ஒரு மீன்காரம்மா சூப்பு வெச்சு ஊத்துச்சு."

இத்தனை வருஷமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அந்தம்மா கேட்டார்.

"சொல்லியிருந்தா நீ என்ன வூட்ட வுட்டுத் தொரத்தியிருப்ப."

முதலில் சிரித்தது அந்தம்மாதான். மத்தியானம் சுபேதார் எங்கள் அடுக்களையில் சம்மணம் போட்டு, குழம்பை வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். காலி பண்ணுவதெல்லாம் நக்கோ, வேண்டாம் என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு எழுந்தார். என் மகன் அந்த வீட்டில்தான் பிறந்தான்.

சுபேதார் இல்லை, அந்தம்மா இல்லை, ரோசம்மாவும் போய்விட்டாள். அந்த மனையில் இப்போது அடுக்குமாடி. ஆசைப்பட்டு ஒருநாள் போய் கேட்டருகே நின்றேன். இங்கே நிற்கக்கூடாது என்றான் காவலாளி. ஒருவழியாக என்னை அங்கிருந்து துரத்தியேவிட்டார்கள்.